‘பாத்து செய்ப்பா’ போதுமா?

போன மாதம் ஒரு புத்தக அலமாரிக்காகக் கோட்டக்குப்பம் போயிருந்தேன். புதுச்சேரியில் முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடுத்த ஊர். எங்கே புதுச்சேரி முடிகிறது, எங்கே விழுப்புரம் மாவட்டம் ஆரம்பிக்கிறது என்று சாலையைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. பிராந்திக் கடைகளின் வரிசை முடிந்தால் தமிழ்நாடு வந்துவிட்டது என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான். அந்தச் சாலையிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் மர வேலைப் பட்டறைகள் உண்டு. பழைய வீடுகளை இடித்து எடுத்த கதவு, தூண், ஊஞ்சல் பலகை எல்லாம் வாசலில் சாய்ந்து நிற்கும். உள்ளே புதிய கட்டில், புதிய அலமாரி தயாராகிக்கொண்டிருக்கும்.

நான் போனது ஒரு சின்னப் பட்டறை. தகரக் கூரை, ஐந்து பேர், மூலையில் ஒரு கம்ப்ரஸர். இருபது வயது இருக்கும் ஒரு பையன், கையில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு பிளைவுட்டில் ஆணி இறக்கிக்கொண்டிருந்தான். டப்... டப்... டப். சுத்தியல் எல்லாம் இப்போது இரண்டாம்பட்சம். ‘நெயில் கன்’ காலம்.

அவன் இடது கை ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

“விரல்ல என்னப்பா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல சார். ஆணி போயிடுச்சு.”

‘ஆணி போயிடுச்சு.’ செருப்பில் முள் குத்தியதைச் சொல்வது போலச் சொன்னான்.

துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அதன் மூக்குப் பக்கம், முன்னும் பின்னும் அசைய வேண்டிய ஓர் இரும்புத் துண்டைப் பின்னால் இழுத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இது என்ன என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

“அது சேஃப்டி சார். மூக்கு பட்டா பாலீஷ் மரத்துல தடம் விழுது. மூலையில எறங்க மாட்டேங்குது. இந்த உப்புக் காத்துல ஸ்பிரிங் வேற அப்பப்ப சிக்கிக்குது. அத கட்டி வெச்சாத்தான் சார் வேலை ஓடும்.”

சேஃப்டியைக் கட்டி வைத்தால்தான் வேலை ஓடும். இந்த ஒரு வாக்கியத்தை எழுதி நம் நாட்டின் ஒவ்வொரு பட்டறை வாசலிலும் மாட்டிவிடலாம்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவன், விவரம் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிற நான் அந்தப் பையனிடம் “பாத்து செய்ப்பா” என்றேன். அடுத்த வாக்கியத்திலேயே மேஸ்திரியிடம், “பதினஞ்சாம் தேதிக்குள்ள கிடைச்சிடும் இல்ல?” என்று கேட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கட்டுக்கம்பியின் ஒரு முனை என் கையிலும் இருக்கிறது.

அந்த இரும்புத் துண்டு எதற்கு என்று முதலில் சொல்ல வேண்டும். இது தெரியாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது.

நெயில் கன்னில் ஆணியைத் தள்ளுவது அழுத்தப்பட்ட காற்று. உங்கள் கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 30, 35 பவுண்டு அழுத்தத்தில் காற்று அடைக்கிறீர்கள். இதற்கு அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு தேவை. அந்த வேகத்தில் போகிற ஆணிக்கு முன்னால் இருப்பது தேக்கா, தொடையா என்று தெரியாது. அதனால் இதில் இரண்டு பூட்டுகள் வைத்தார்கள். ஒன்று, விரலால் இழுக்கும் விசை. இரண்டு, மூக்கில் இருக்கும் அந்த அசையும் துண்டு. மூக்கை மரத்தில் அழுத்தினால்தான் அது உள்ளே போகும். அது உள்ளே போனால்தான் விசை வேலை செய்யும். மரத்தைத் தொடாமல் வெறும் காற்றில் விசையை இழுத்தால் ஒன்றும் நடக்கக் கூடாது. அவ்வளவுதான் தத்துவம்.

மூக்கைப் பின்னால் இழுத்துக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? எப்போதும் ஏதோ மரத்தின் மேல் அழுத்திக்கொண்டிருப்பதாகவே துப்பாக்கி நினைத்துக்கொள்ளும். பிறகு அது மரவேலைக் கருவி இல்லை, வெறும் துப்பாக்கி. எந்தப் பக்கம் திருப்பி விசையை இழுத்தாலும் ஆணி பறக்கும். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர் பக்கமும் பறக்கும்.

மேஸ்திரி செய்தது தப்பு. அவரை இரண்டு திட்டு திட்டிவிட்டு இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். நமக்கும் வசதி. ஆனால் கம்பி கட்டாத, புத்தம் புதிய, பெட்டி பிரிக்காத துப்பாக்கியிலும் ஒரு கோளாறு இருக்கக்கூடும். அது தொழிற்சாலையிலிருந்தே வருவது.

இரண்டு பூட்டு என்றேன் இல்லையா? அதை எந்த வரிசையில் திறக்க வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு வகை விசையில் வரிசை கட்டாயம். முதலில் மூக்கை மரத்தில் அழுத்த வேண்டும். பிறகு விசையை இழுக்க வேண்டும். ஓர் ஆணி இறங்கும். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி மூக்கு, மறுபடி விசை. முழு வரிசை விசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகையில் வரிசை கிடையாது. விசையை இழுத்துப் பிடித்தபடியே இருக்கலாம். மூக்கு எதில் இடித்தாலும் ஓர் ஆணி. இடி, ஆணி. இடி, ஆணி. தபால் ஆபீஸில் முத்திரை குத்துவது போலக் குத்திக்கொண்டே போகலாம். தட்டு விசை என்று சொல்லலாம். பேலட், பேக்கிங் பெட்டி போன்ற வேலைகளில் இதற்கு ஏக மவுசு.

பிரச்னை எங்கே என்றால், துப்பாக்கி சுடும்போது பின்னால் உதைக்கும். உதைத்ததும் மூக்கு மரத்தை விட்டு எழும்பும். கையால் அழுத்திக்கொண்டிருக்கிறோம் அல்லவா, அதனால் உடனே மறுபடி மரத்தில் இடிக்கும். விரல் இன்னும் விசையில்தான் இருக்கிறது. இரண்டாவது ஆணி புறப்பட்டுவிடும். இதை யாரும் குறி பார்க்கவில்லை. முதல் ஆணியின் தலையில் பட்டுத் தெறிக்கலாம். பலகையின் ஓரத்தில் இறங்கி, பலகையைப் பிடித்திருக்கும் இடது கைக்குள் வெளியே வரலாம். ஏணியில் ஏறும்போது விரல் விசையில் இருந்து, மூக்கு தன் முழங்காலில் இடித்தால் முழங்காலில் ஆணி. அந்த நேரத்தில் ‘பாத்து செய்’ என்றால் எதைப் பார்ப்பது? உதைப்பது, எழும்புவது, மறுபடி இடிப்பது எல்லாம் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடுகிற விவகாரம்.

இது என் கற்பனை இல்லை. மர வீடுகள் கட்டுகிற அமெரிக்காவில் இந்தக் கருவி வீட்டுக்கு வீடு இருக்கிறது. அங்கே கணக்கும் எடுத்திருக்கிறார்கள். 2001 முதல் 2005 வரை, ஆண்டுக்குச் சராசரியாக 37,000 பேர் நெயில் கன் காயத்தோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருக்கிறார்கள். அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007-ல் வெளியிட்ட கணக்கு இது. அதில் சுமார் 40 சதவிகிதம் தொழிலாளிகள்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வேலி அடிக்கிறேன், நாய்க்குக் கூண்டு செய்கிறேன் என்று இறங்கிய சாதாரண ஆட்கள்.

தச்சு வேலை பழகும் இளைஞர்களை டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நான்கு ஆண்டுப் பயிற்சிக் காலத்தில் ஐந்தில் இரண்டு பேருக்கு நெயில் கன் காயம். காயங்களில் பாதிக்கு மேல் கையிலும் விரலிலும். பத்தில் ஒரு காயம் பக்கத்தில் நின்றவருக்கு. எல்லாவற்றையும் விட முக்கியமானது, தட்டு விசை வைத்திருந்தவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு, முழு வரிசை விசை வைத்திருந்தவர்களைப் போல இரண்டு மடங்கு. அதே தொழில், அதே பயிற்சி. விசை மட்டும் வேறு.

“அதெல்லாம் சரி சார், ஒவ்வொரு ஆணிக்கும் விட்டுவிட்டு இழுத்துக்கொண்டிருந்தால் வேலை எப்போது முடிவது?” என்று நீங்கள் கேட்பீர்கள். மேஸ்திரியும் அதைத்தான் கேட்பார். நியாயமான கேள்வி. இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அனுபவமுள்ள பத்துத் தச்சர்களைக் கூப்பிட்டு, ஒரே மாதிரி இரண்டு சின்ன மரக் கொட்டகைகளை ஒவ்வொருவரையும் கட்டச் சொன்னார்கள். ஒன்று தட்டு விசையில், இன்னொன்று முழு வரிசை விசையில். ஆணி அடிக்கும் நேரம் சராசரியாகப் பத்து சதவிகிதம் கூடியது. ஆனால் ஒரு கட்டுமானத்தில் அளப்பது, அறுப்பது, தூக்குவது, பொருத்துவது என்று எவ்வளவோ இருக்கிறதே? மொத்தக் கட்டட நேரத்தில் கணக்குப் பார்த்தால் விசையால் வந்த வித்தியாசம் ஒரு சதவிகிதம்கூட இல்லை. எந்த விசை என்பதை விட, யார் கையில் துப்பாக்கி இருந்தது என்பதுதான் வேகத்தை அதிகம் தீர்மானித்தது.

நன்றாக யோசித்துப் பாருங்கள். ஒரு சதவிகிதத்துக்கும் குறைவான நேரம் மிச்சம். அதற்கு விலை, இரண்டு மடங்கு ஆபத்து. எந்தச் செட்டியார் இந்தக் கணக்கை லாபம் என்று எழுதுவார்?

இது தெரிந்ததும் அங்கே என்ன செய்தார்கள்? கம்பெனிகளின் சங்கமே 2002-ல் ஒரு தரத்தை வகுத்துக்கொண்டது. 2003 முதல், வீட்டுச் சட்டம் அடிக்கும் பெரிய துப்பாக்கிகள் வரிசை விசையோடுதான் கடைக்கு வர வேண்டும். நல்லதுதான். ஆனால் அது கம்பெனிகள் தாங்களே வைத்துக்கொண்ட விதி. வேண்டுமென்கிறவர் தட்டு விசையைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளத் தடை இல்லை. அலமாரி, ஜன்னல் வேலைக்கான சின்னத் துப்பாக்கிகளுக்கு அந்த விதி இல்லை. 2011-ல் அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் ஒரு கையேடு போட்டன. முழு வரிசை விசையைப் பயன்படுத்துங்கள் என்பதுதான் அதில் முதல் யோசனை. பயிற்சி கொடுங்கள், கண்ணாடி போடுங்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் கருவியைத் திருத்து. மனுஷனைத் திருத்துவது அப்புறம்.

நாம் தலைகீழ். மனுஷனை மட்டும்தான் திருத்துவோம். அதுவும் வாயால்.

எந்த விபத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டால் ஃபைல் மூடப்பட்டுவிடும். விரல் போனவன்தான் குற்றவாளி. தூங்கி வழிந்தான், செல்போன் பேசினான், சரக்கு அடித்திருந்தான். இதில் சில சமயம் உண்மையும் இருக்கலாம். ஆனால் களைத்துப்போவதும், கவனம் சிதறுவதும், காய்ச்சலோடு வேலைக்கு வருவதும் மனுஷனின் இயல்பு. பத்து மணி நேரம் பத்தாயிரம் ஆணி அடிக்கிறவன் பத்தாயிரம் முறையும் முழுக் கவனத்தோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பாதுகாப்புத் திட்டம் இல்லை. அதற்குப் பெயர் ஜோசியம்.

உங்கள் வீட்டில் நீங்கள் இப்படியா இருக்கிறீர்கள்? பிரஷர் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிட் அடைத்துக்கொண்டால் உருகி வழிவிட ஒரு சேஃப்டி வால்வு இருக்கிறது. ‘சமைக்கிறவர் கவனமாக இருந்தால் போதும், வால்வு எதற்கு’ என்று யாராவது சொல்கிறார்களா? குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2020-ல் மத்திய அரசு உத்தரவே போட்டது. அந்த முத்திரை இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக 2022-ல் அமேசானுக்கே ஒரு லட்ச ரூபாய் அபராதம் விதித்தது நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். சைடு ஸ்டாண்டை எடுக்காமல் வண்டியைக் கிளப்பி விழுந்தவர்கள் நம் எல்லோருடைய குடும்பத்திலும் உண்டு. ‘ஸ்டாண்டைப் பாத்து எடு’ என்று எத்தனை வருஷம் கத்தினோம்? இப்போது வரும் பல வண்டிகளில் ஸ்டாண்ட் இறங்கியிருந்தால் எஞ்சின் ஓடவே ஓடாது. வண்டி உபதேசம் செய்யவில்லை. கிளம்ப மறுக்கிறது. அவ்வளவுதான்.

நம் சமையலறைக்கும் நம் ஸ்கூட்டருக்கும் புரிகிற நியாயம், பட்டறைக்குப் போனால் மட்டும் ஏன் புரிய மாட்டேன் என்கிறது? குக்கர் வெடித்தால் காயம்படுவது நாம். நெயில் கன் வெடித்தால் காயம்படுவது வேறு யாரோ. வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஏழை நாட்டுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது என்று ஒரு வாதம் வரும். அதுவும் பொய். இதே இந்தியா ஒரு முறை இதைச் செய்து காட்டியிருக்கிறது. பசுமைப் புரட்சிக்குப் பிறகு பஞ்சாப், ஹரியானா, உத்தரப்பிரதேசப் பக்கம் கோதுமைக் கதிரடிக்கும் இயந்திரங்கள் ஊரெல்லாம் வந்தன. கதிரை உள்ளே தள்ளும்போது கையும் சேர்ந்து போனது. ஒவ்வோர் அறுவடையிலும் கை இழந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் 1983-ல் நாடாளுமன்றம் ‘அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1979-ல், இந்திய தர நிறுவனம் ஒரு தரத்தை வகுத்திருந்தது. கதிரை ஊட்டும் வாய் நீளமாக இருக்க வேண்டும், மேலே மூடியிருக்க வேண்டும், உள்ளே விட்ட கை சுழலும் உருளையை எட்டக் கூடாது. ஒரு தகரப் பெட்டியைக் கொஞ்சம் நீட்டுகிற வேலைதான். ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. விவசாயியைப் பார்த்து ‘கவனமா தள்ளுப்பா’ என்று சொல்வதோடு நிற்காமல், இயந்திரத்தின் வாயை மாற்று என்று ஒரு சட்டம் சொன்னது. எல்லா இடத்திலும் ஒழுங்காக அமலானதா என்றால் இல்லை. ஆனால் சிந்தனை சரியான சிந்தனை.

அந்தச் சிந்தனை அத்தோடு நின்றுவிட்டது. அரியானாவில் கார் பாகங்கள் செய்யும் ஆலைகளில் பிரஸ் மெஷினில் விரல் இழந்தவர்களைப் பற்றி ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு 2019-லிருந்து அறிக்கை வெளியிட்டு வருகிறது. அறிக்கையின் பெயரே ‘நசுக்கப்பட்டவர்கள்’ என்ற பொருளில்தான் இருக்கிறது. அங்கேயும் இதே கதைதான். கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்தும் சென்சார் இருக்காது. இருந்தால் வேலை செய்யாது. வேலை செய்தால் உற்பத்தி குறைகிறது என்று அணைத்து வைத்திருப்பார்கள். குர்கானில் சென்சார், கோட்டக்குப்பத்தில் கட்டுக்கம்பி.

சரி, சட்டம் என்ன செய்கிறது? 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்கு வேலி போடச் சொன்னது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கிவிட்டது. கோட்டக்குப்பத்து ஐந்து பேர் பத்திலும் வரவில்லை, இருபதிலும் வரப்போவதில்லை. அவர்கள் வேலை செய்வது தொழிற்சாலை இல்லை என்றால், அங்கே நடப்பது தொழிற்சாலை விபத்தும் இல்லை. எந்தக் கணக்கிலும் ஏறாது. கணக்கில் இல்லாத விரலுக்காக எந்த அதிகாரி கூட்டம் போடுவார்?

ஆனால் ஒரு விஷயத்தில் சட்டம் மிகத் துல்லியம். 1923-லேயே வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவிகிதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவிகிதம். ஒரு கண் போய் இன்னொன்று நன்றாக இருந்தால் 40 சதவிகிதம். விரலின் ஒவ்வொரு கணுவுக்கும் தனித்தனியாக விலை போட்டிருக்கிறார்கள். போன பிறகு விலை போடத் தெரிந்த நமக்கு, போகாமல் இருக்க ஒரு விசையை மாற்றச் சொல்லத் தோன்றவில்லை. அந்த விலையாவது கிடைக்குமா? சம்பளச் சீட்டு இல்லாமல், வருகைப் பதிவேடு இல்லாமல், வாரக் கூலி வாங்கும் பையன் எந்த அலுவலகத்தில் போய் எதைக் காட்டிக் கேட்பான்?

பட்டறைக்கு எதிரே டீக்கடையில் ஒரு பெரியவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். பல வருஷம் வளைகுடாவில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர். கோட்டக்குப்பத்தில் அப்படி நிறையப் பேர் உண்டு. “அங்க ஹெல்மெட், கண்ணாடி, ஷூ இல்லாம சைட்டுக்குள்ளயே விடமாட்டான் தம்பி” என்றார். “ஊருக்கு வந்தா நமக்கே அதெல்லாம் மறந்துபோவுது.” வளைகுடா தொழிலாளியின் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வெயிலும் அந்தச் சட்டங்களும் எத்தனை பேரைத் தின்றிருக்கின்றன என்று நமக்குத் தெரியும். ஆனால் அதே மனிதர், அதே கை. அங்கே கண்ணாடி போடுகிறது, இங்கே போடுவதில்லை. அப்படியானால் குறை அவருடைய ‘கவன’த்தில் இல்லை. சுற்றியிருக்கிற ஏற்பாட்டில் இருக்கிறது.

அந்த ஏற்பாட்டில் நீங்களும் நானும் உண்டு. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு, ‘அதுக்குள்ள வார்ட்ரோப் முடிஞ்சாகணும்’ என்று இன்டீரியர்காரரை விரட்டுகிறோம். அவர் மேஸ்திரியை விரட்டுகிறார். மேஸ்திரி பையனை விரட்டுகிறார். பையன் விரட்டுவதற்கு ஆள் இல்லை. அவன் கருவியைத்தான் விரட்ட முடியும். கம்பியை எடுத்துக் கட்டுகிறான்.

திட்டுவதோடு விட்டுவிடக் கூடாது இல்லையா? என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

அரசாங்கம்: நெயில் கன் விற்பதென்றால், இறக்குமதி செய்வதென்றால் முழு வரிசை விசையோடுதான் என்று ஓர் உத்தரவு போதும். குக்கருக்குப் போட முடிந்ததை இதற்கும் போடலாம். சட்டத்தைப் பட்டறை அளவில் வைக்காமல் கருவியின் மேல் வைத்தால், ஐந்து பேர் பட்டறை என்றாலும் ஐம்பது பேர் ஆலை என்றாலும் ஒரே பாதுகாப்பு கிடைக்கும். கதிரடிக்கும் இயந்திரத்துக்குச் செய்தது அதைத்தான். அரசு மருத்துவமனைக்கு வருகிற ஒவ்வொரு வேலைத்தலக் காயத்தையும், எந்தக் கருவியால் என்று எழுதி வைக்கச் சொல்ல வேண்டும்.

பட்டறைக்காரர்கள்: வாங்கும்போது எந்த விசை என்று கேளுங்கள். பல மாடல்களில் விசையை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும். தினமும் காலையில் ஆணியை எடுத்துவிட்டு, ஆளில்லாத பக்கம் திருப்பி, மூக்கை எதிலும் அழுத்தாமல் விசையை இழுத்துப் பாருங்கள். சுட்டால் அந்தத் துப்பாக்கியை ஓரம் வையுங்கள். உப்புக் காற்றில் ஸ்பிரிங் துருப்பிடித்துச் சிக்குகிறது என்றால், மரக்காணம் வரைக்கும் உப்பளம் இருக்கிற கரையில் அது சிக்கத்தான் செய்யும். துடைத்து எண்ணெய் போடுவதும் ஸ்பிரிங்கை மாற்றுவதும்தான் அதற்கு மருந்து, கட்டுக்கம்பி இல்லை. ஆணி அடைத்துக்கொண்டால் முதலில் காற்றுக் குழாயைக் கழற்றுங்கள், பிறகு உள்ளே கையை விடுங்கள். பலகை பிடிக்கும் கை, ஆணி இறங்கும் இடத்திலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். கண்ணுக்குக் கண்ணாடி. அப்படியும் ஆணி ஏறிவிட்டால், இடுக்கியால் பிடுங்கி மஞ்சள் வைத்துக் கட்டாதீர்கள். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். உள்ளே நரம்பும் எலும்பும் என்ன ஆனது என்று டாக்டர் பார்க்கட்டும்.

நீங்கள்: வீட்டு வேலைக்கு ஒப்பந்தம் போடும்போது கிரானைட் எந்த கலர் என்று கேட்கிறீர்கள், பிளைவுட் எந்த பிராண்ட் என்று கேட்கிறீர்கள். ‘சேஃப்டியைக் கட்டி வைத்த கருவி என் வீட்டுக்குள் வரக் கூடாது’ என்று ஒரு வரி சேருங்கள். சொல்லிவிட்டு, டெலிவரிக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கொடுங்கள். இந்த இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதியைச் சொன்னால் அது மறுபடி ‘பாத்து செய்ப்பா’ ஆகிவிடும்.

அலமாரி வாங்கப் போனபோது நானும் அதைச் சொன்னேன். எனக்கு அவசரம் இல்லை, ஒரு வாரம் தள்ளித் தந்தாலும் சரி, அந்தக் கம்பியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று. மேஸ்திரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கட்டிங் பிளேயரை எடுத்துக் கம்பியை வெட்டினார். ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விட்டு நாலு தரம் அழுத்திப் பார்த்தார். மூக்கு முன்னால் வந்தது. பையன் அதை வாங்கி வெறும் காற்றில் விசையை இழுத்தான். சுடவில்லை. சிரித்தான்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் கம்பியை வெட்ட வைத்தது நான் அங்கே நின்றதும், என் கையில் பணம் இருந்ததும்தான். அடுத்து வருகிறவர் நாளைக்கே வேண்டும் என்பார். மூலையில் கட்டுக்கம்பிச் சுருள் அப்படியேதான் கிடந்தது. ஒரு பையனின் விரல், வாடிக்கையாளரின் மனசாட்சி அன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து இருக்கலாமா? அதைத் துப்பாக்கிக்குள்ளேயே வைத்துப் பூட்டச் சொல்லித்தான் கேட்கிறேன்.